நெட்டையன் மேல் கட்டாதீர்கள்

ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரனின் உயரத்தைப் பார்த்து அவனுடைய அணி மேல் பணம் கட்டுகிறவர் தோற்றுத்தான் போவார். லண்டனில் ஒரு பந்தயக் கடையில், காசாளர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு, இதை நான் வருசக்கணக்காகச் சொன்னேன். சொல்லக் கூடாது என்று எழுத்தில் தந்தார்கள். அதற்குப் பிறகும் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

நான் ஐந்தடி ஒரு அங்குலம். யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருசம் கூடைப்பந்து விளையாடினேன். பந்தைப் பின்னாலிருந்து கொண்டுபோய், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, கொடுக்க வேண்டியவளுக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுப்பது என் வேலை. கூடைக்குள் போடுகிறவளைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பந்தைக் கொடுத்தவளை அவளுடைய தாய்கூடப் பார்க்க மாட்டா. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த இடத்தில் நின்று விளையாடியவளுக்கு ஆட்டம் வேறு மாதிரித் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தேன். கணவர் எனக்கு முன்பே வந்து பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்தார். மனோர் பார்க்கில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை எங்களுக்கு. நான் முதலில் ஒரு தையல் தொழிற்சாலையில் சட்டைக் கொலர் தைத்தேன். அதை மூடிவிட்டார்கள். வேலை தேடித் திரிந்த ஒரு நாள், பிரதான வீதியில் இருந்த பந்தயக் கடையின் கதவில் 'காசாளர் தேவை' என்று ஒட்டியிருந்தது.

அந்தக் காலத்தில் அந்தக் கடைகளுக்குள் என்ன நடக்கிறது என்று வீதியில் நின்று பார்க்க முடியாது. கண்ணாடி முழுவதையும் மறைத்திருப்பார்கள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சிகரெட் புகை. உயரத்தில் நாலு தொலைக்காட்சிப் பெட்டிகள். ஒரு சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. அதில் ஒருவர் குதிரைகளின் பெயர்களை எழுதுவதும் அழிப்பதுமாக நின்றார். மனேஜர், நாய் ஓட்டத்தில் ஊறிப்போன ஒரு வெள்ளைக்காரர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு தாளில் பத்துக் கணக்குகள் எழுதித் தந்தார். அவர் ஒரு சிகரெட் பிடித்து முடிப்பதற்குள் செய்து கொடுத்தேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கணவரின் தமையன் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் இல்ஃபோர்டில் சிறு கடை வைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் லண்டனுக்கு முதலில் வந்தவர் அவர்தான். எங்களுக்கு விசாவுக்கு ஓடித் திரிந்தவரும் அவர்தான். அதனால் எங்கள் வீட்டில் எது நடந்தாலும் தனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைப்பார்.

"பிள்ளை, நீர் சூதாட்டக் கடையிலை வேலைக்குப் போறீராம். உண்மையோ?"

"ஓம் அத்தான்."

"குடும்பப் பொம்பிளை ஒருத்தி இருக்கிற இடமோ அது?"

"இருக்க நல்ல கதிரை தந்திருக்கினம் அத்தான். தையல் பக்டரியிலை அதுவும் இல்லை."

கணவர் தலையைக் குனிந்துகொண்டு தேநீரைக் குடித்தார். தமையன் அவரைப் பார்த்தார். "நீ ஒண்டும் சொல்ல மாட்டியோ?"

"அவ போகட்டும் அண்ணை," என்றார் கணவர். அவ்வளவுதான். அவர் நீளமாகக் கதைக்கிற ஆள் இல்லை.

நான் ஒருநாளும் பந்தயம் கட்டியதில்லை. வேலை செய்கிற கடையில் கட்டக் கூடாது என்பது சட்டம். வேறு கடையில் போய்க் கட்டலாம், கட்டியவர்களும் இருந்தார்கள். நான் கட்டாததற்கு நல்லொழுக்கம் காரணம் இல்லை. பணம் கட்டியவர்களின் முகத்தை நான் ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர்கள் ஓட்டத்தைப் பார்ப்பதில்லை. தங்கள் பணம் ஓடுவதைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

வேலைக்குப் போய் ஒரு வருசம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கம்பனியின் தலைமையகத்தில் இருந்து வந்த தாள்களோடு புதிதாக ஒன்று வந்தது. இங்கிலாந்தின் கூடைப்பந்து லீக் ஆட்டங்களுக்கு, யார் மேல் கட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்று, விலை போட்டிருந்தார்கள். மனேஜர் அதை நாய் ஓட்டத் தாள்களுக்குக் கீழே, குப்பைக் கூடைக்கு மேலே குத்திவிட்டார். "யாரும் தொடமாட்டார்கள்," என்றார்.

நான் தொட்டேன். சாப்பாட்டு நேரத்தில் அதைக் கழற்றி வந்து முழுவதையும் வாசித்தேன். இந்த நாட்டில் கூடைப்பந்துக்குச் சம்பளம் வாங்கி ஆடுகிற அணிகள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவற்றில் ஒன்று எங்கள் வீட்டில் இருந்து ஒரு பஸ் தூரத்தில், ஒரு லெஷர் சென்டரில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஆடியது. அந்தச் சனிக்கிழமையே வேலை முடிந்ததும் கணவரை இழுத்துக்கொண்டு போனேன்.

முதல் ஆட்டத்தில் கணவர் நித்திரை கொண்டுவிட்டார். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர், பாவம். நாலாவது ஆட்டத்தில் எழும்பி நின்று நடுவரைப் பார்த்து யாழ்ப்பாணத்துத் தூசணம் ஒன்று சொன்னார். அதற்குப் பிறகு நான் அவரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

எங்கள் அணியில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவன் அமெரிக்காவில் இருந்து கூலிக்கு வந்தவன். ஏழடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. அவனை நானும் கணவரும் நெட்டையன் என்போம். வளையத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பந்தைத் திணிப்பான். மண்டபமே எழும்பிக் கத்தும். சுவரொட்டிகளில் அவன் படம்தான். மற்றவர் கிழக்கு லண்டன்காரர், முப்பத்தைந்து வயது, தலை வழுக்கை, வலது முழங்காலில் எப்போதும் கட்டு. வார நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பிப்பவர் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நாங்கள் அவரை வாத்தியார் என்போம். நான் பள்ளிக்கூடத்தில் செய்த வேலையைத்தான் அவர் அங்கே செய்தார்.

என் அபிப்பிராயம் இது. நெட்டையன் கெட்ட ஆட்டக்காரன் இல்லை. ஆனால் அவனிடம் போன பந்து கிணற்றில் விழுந்த வாளி மாதிரி, திரும்பி வராது. மற்ற நாலு பேரும் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எதிரணி புத்தியுள்ளதாக இருந்தால் அவனைச் சீண்டி ஃபவுல் செய்ய வைக்கும். ஐந்து ஃபவுல் என்றால் ஆள் வெளியே. வாத்தியார் ஓடமாட்டார், பாயமாட்டார். ஆனால் அவர் உள்ளே நிற்கும்போது அந்த அணி ஐந்து பேர் ஆடுகிற அணி. அவர் வெளியே போனால் ஐந்து தனி ஆட்கள்.

பந்தயக் கடைக்கு வருகிறவர்களுக்கு இது ஒன்றும் தெரியாது. தொலைக்காட்சியில் நெட்டையனைக் கண்டிருப்பார்கள். அவன் அணி மேல் கட்டுவார்கள். ஒருமுறை ஒரு கிழவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "இந்த இறக்குமதி ஆட்கள் வந்து எங்கள் பெடியளின் இடத்தைப் பிடிக்கிறார்கள், இல்லையா?" என்று என்னிடம் சொன்னார். நான் நெட்டையனைக் குறை சொன்னதை அவர் கேட்டிருக்கிறார்.

"நானும் இறக்குமதிதான் சேர்," என்றேன். "அவன் எங்கிருந்து வந்தாலும் வரட்டும். பந்தைக் கொடுக்கிறான் இல்லை, அதுதான் என் வழக்கு."

என்னிடம் உண்மையாகவே கேட்டவர் ஒருவர் இருந்தார். ஜமேக்காவில் இருந்து வந்து முப்பது வருசம் லண்டன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். சனிக்கிழமைகளில் தொப்பியும் டையும் அணிந்து வருவார். "சகோதரி, இன்றைக்கு யார்?" என்பார். யார் மேல் கட்ட வேண்டும் என்று நான் சொல்வதில்லை. போன கிழமை என்ன கண்டேன் என்று சொல்வேன். வாத்தியாரின் முழங்கால் எப்படி, நெட்டையனுக்கு எப்போது ஃபவுல் வந்தது, எதிரணியில் யார் களைத்துப்போயிருக்கிறான். அனேகமாக என் கதை, "இன்றைக்கு விட்டுவிடுங்கள்" என்றுதான் முடியும். அவர் சிரித்துக்கொண்டு ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போவார்.

ஒரு நாள் மனேஜர் இதைக் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றார்.

"வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்லக் கூடாது."

"ஆலோசனை சொல்லவில்லை. கண்டதைச் சொன்னேன்."

"உனக்கு இதைப் பற்றி என்ன தெரியும்?"

"ஆறு வருசம் விளையாடியிருக்கிறேன்."

"அது பெண்கள் விளையாடுகிற வலைப்பந்து," என்றார், மிகவும் அன்பாக.

"வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. வளையத்துக்குப் பின்னால் பலகையும் இருக்காது. எனக்கு வித்தியாசம் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து என்னில் ஒரு கண் வைத்திருந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஆள் ஒருவர் கடைக்கு வரத் தொடங்கினார். லண்டனில் எங்களுக்கு இருக்கும் நூறு சங்கங்களில் ஒன்றின் செயலாளர். கலை விழாக்களில் மேடையில் நின்று நீளமாகப் பேசுவார். கணவரின் தமையனுக்கு நெருங்கிய கூட்டாளி. காதை மூடிய தொப்பியோடு வந்து, பந்தயத் துண்டில் எழுதி, கண்ணாடிக்குக் கீழால் தள்ளினார். என்னைக் கண்டதும் திகைத்துப் போனார். பிறகு என்னோடு இங்கிலீசில் கதைத்தார். நானும் இங்கிலீசில் நன்றி சொன்னேன். இப்படியே ஒவ்வொரு சனிக்கிழமையும். ஒருவரையொருவர் தெரியாத இரண்டு பேராக நடந்துகொண்டோம். அவர் எப்போதும் நெட்டையன் மேல்தான்.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் ஒரு சனிக்கிழமை அவர் தள்ளிய துண்டில் இருந்த தொகை பெரிது. எதிரணியோ மற்றவனை ஃபவுல் செய்ய வைப்பதில் மன்னர்கள். என்னை அறியாமல் தமிழ் வந்துவிட்டது.

"அண்ணை, இண்டைக்கு விடுங்கோ. இவங்கள் நெட்டையனைச் சீண்டி வெளியிலை அனுப்பிப் போடுவாங்கள்."

அவர் முகம் கறுத்தது. "நீர் உம்மடை வேலையைப் பாரும்," என்றார், அவரும் தமிழில். துண்டைத் திருப்பி எடுத்து, தொகையை இரட்டிப்பாக்கி மறுபடியும் தள்ளினார். நான் பதிந்து கொடுத்தேன். அன்றைக்கு நெட்டையன் இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்திலேயே ஐந்தாவது ஃபவுலோடு வெளியே போய் உட்கார்ந்தான். நானும் கணவரும் மண்டபத்தில் இருந்து பார்த்தோம். செயலாளர் பிறகு கடைப்பக்கம் வரவில்லை.

அடுத்த மாதம் கணவரின் தமையன் செவன் கிங்ஸில் வீடு வாங்கிக் குடிபூரல் வைத்தார். பால் காய்ச்சி, ஐயர் போன பிறகு, முன்னறையில் ஆண்களும் பெண்களுமாக முப்பது பேர் வரையில் இருந்தார்கள். செயலாளரும் மனைவியோடு வந்து சோபாவின் நடுவில் இருந்தார். நான் வடைத் தட்டோடு வந்தபோது தமையன் எல்லோருக்கும் கேட்கும்படி தொடங்கினார்.

"பிள்ளை, நான் இண்டைக்கு இதைக் கதைக்கக் கூடாது எண்டுதான் இருந்தனான். ஆனா ஆக்கள் வந்து சொல்லுகினம். நீர் அந்தக் கடையிலை இருந்துகொண்டு ஆம்பிளையளுக்குப் பந்தயம் சொல்லிக் குடுக்கிறீராம்."

நான் தட்டை மேசையில் வைத்தேன். "ஆர் அத்தான் சொன்னது?"

"ஆர் எண்டது முக்கியமில்லை. கண்ட ஆக்கள்."

"முக்கியம் அத்தான். றோட்டிலை நிண்டு பாத்தா எங்கடை கடைக்குள்ளை ஒண்டும் தெரியாது. நான் கதைக்கிறது கேக்க வேணுமெண்டா உள்ளுக்கு வந்து, கவுண்டர் மட்டும் வர வேணும். அப்பிடி வந்த ஆள் அங்கை என்ன செய்தவர் எண்டு கேட்டனீங்களோ?"

செயலாளரின் கையில் பாதி வடை இருந்தது. அவர் அதைக் கடிக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. தமையன் அவரைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துவிட்டார். நான் எடுக்கவில்லை.

செயலாளரின் மனைவி வெகுளி. "ஆரப்பா அது? சொல்லுமன்," என்றா ஆவலோடு.

"சொல்ல ஏலாது அக்கா. வாடிக்கையாளற்றை விசயத்தை வெளியிலை கதைக்கக் கூடாது எண்டு கடையிலை சட்டம்."

"அது நல்ல சட்டம்," என்றார் செயலாளர், தொண்டையைச் செருமிக்கொண்டு.

நான் நினைத்திருக்காத ஒன்று அப்போது நடந்தது. கதவோரத்தில் நின்ற என் கணவர் வாயைத் திறந்தார். "அண்ணை, அவ ஆருக்கும் கட்டச் சொல்லேல்லை. கட்டாதேங்கோ எண்டுதான் சொன்னவ. சொன்ன மாதிரியே நெட்டையன் அண்டைக்கு ஃபவுலிலை வெளியிலை போனவன். நான் என்ரை கண்ணாலை பாத்தனான்."

நெட்டையன் யார் என்று அங்கே ஒருவருக்கும், ஒருவரைத் தவிர, தெரியாது. கதை அதோடு நின்றது. தமையன் எங்களோடு ஆறு மாதம் கதைக்கவில்லை. நானும் கதைக்கப் போகவில்லை.

அடுத்து வந்த வருசம் எங்கள் அணி கோப்பைப் போட்டியில் அரையிறுதிக்குப் போனது. எதிரணி வடக்கில் இருந்து வருகிற பணக்கார அணி. ஆட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னால் நெட்டையனின் கணுக்கால் பிரண்டுவிட்டது. உடனே தலைமையகம் விலையை மாற்றியது. எங்கள் அணிக்கு முன்கூட்டியே பன்னிரண்டு புள்ளி கொடுத்தார்கள். அதாவது எங்கள் அணி பதினொரு புள்ளியால் தோற்றாலும், அதன் மேல் கட்டியவருக்குப் பணம் கிடைக்கும். அவ்வளவு மோசமாக மதிப்பிட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை மனேஜர் அந்தத் தாளைக் குத்தும்போது நான், "இது பிழை," என்றேன்.

"எது பிழை?"

"பன்னிரண்டு. நெட்டையன் இல்லாவிட்டால் பந்து ஐந்து பேரிடமும் போகும். வாத்தியார் ஆட்டத்தை நடத்துவார். அவர்கள் வெல்வார்கள்."

மனேஜர் பலகைக்காரரைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "அவ்வளவு நிச்சயம் என்றால், தெருவின் அந்தப் பக்கத்துக் கடைக்குப் போய் உன் சம்பளத்தைக் கட்டு."

"நான் கட்டமாட்டேன்."

"அப்படியென்றால் அது வெறும் பேச்சு. பணம் வைக்காத அபிப்பிராயம் அபிப்பிராயம் இல்லை."

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கடையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நான் கதிரையில் இருந்து எழும்பினேன்.

"தலைமையகத்தில் ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்தப் பன்னிரண்டைப் போட்டிருக்கிறார். அவரும் பணம் வைக்கவில்லை. அவருடையது அபிப்பிராயம், என்னுடையது பேச்சா? அவர் இந்த அணி ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்திருந்தால் பன்னிரண்டு கொடுத்திருக்கமாட்டார். புள்ளியே தேவையில்லை. நேராகவே வெல்வார்கள்."

கடை முழுக்கக் கேட்டது. மனேஜர் சிவந்துபோய், "உட்கார்," என்றார். பஸ் ஓட்டியவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து எனக்குத் தலை வணங்கினார். பிறகு ஒரு துண்டை எடுத்து எழுதத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். மத்தியானத்துக்குள் கடையில் நின்ற அத்தனை பேரும் எங்கள் அணி மேல் கட்டிவிட்டார்கள். எல்லோருடைய துண்டையும் நான்தான் வாங்கிப் பதிந்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அன்றைக்கு மனம் வரவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பின்னேரம் நானும் கணவரும் மண்டபத்துக்குப் போனோம். வாத்தியார் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். பார்க்கிற பக்கம் ஒன்று, பந்து போகிற பக்கம் ஒன்று. வடக்கத்தியார் அவரைப் பிடிக்க இரண்டு பேரை விட்டார்கள். அவர் அந்த இரண்டு பேருக்கும் நடுவால் கொடுத்தார். ஒரு மெலிந்த பெடியன், அந்த வருசம் முழுக்க பெஞ்சில் இருந்தவன், கூடை கூடையாகப் போட்டான். ஆட்டம் முடிய நாலு நிமிசம் இருக்கும்போது நாங்கள் ஏழு புள்ளி முன்னால்.

அப்போது சனங்கள் நெட்டையனின் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கினார்கள். அவன் கணுக்காலில் கட்டோடு பெஞ்சில் இருந்தான். பயிற்சியாளருக்குப் பயம் வந்ததோ, ஆசை வந்ததோ தெரியாது. வாத்தியாரை வெளியே எடுத்து நெட்டையனை உள்ளே விட்டார்.

"விசரா!" என்று நான் கத்தினேன். "ஆரை எடுக்கிறாய்?"

இரண்டு புள்ளியால் தோற்றோம்.

நான் சொன்னது பிழையாகிவிட்டது. திங்கட்கிழமை கடைக்குப் போகும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கதவைத் திறந்ததும் கைதட்டினார்கள். இரண்டு புள்ளித் தோல்வி பன்னிரண்டுக்குள் அடக்கம். கட்டிய எல்லோருக்கும் பணம். பஸ் ஓட்டியவர் ஒரு பெட்டி சொக்லேட்டைக் கண்ணாடிக்கு மேலால் நீட்டினார்.

"நான் சொன்னது பிழை," என்றேன். "வெல்வார்கள் என்றுதான் சொன்னேன்."

"எனக்குப் பணம் கிடைத்தது சகோதரி. நீ சொன்னது சரி."

"உங்களுக்குப் பணம் கிடைத்தது தலைமையகத்தின் பிழையால். நான் சொன்னது சரியாக வந்திருக்க வேண்டும். வாத்தியாரை எடுத்ததால் கெட்டது. இரண்டையும் குழப்பாதீர்கள்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஒரே கடையில் இத்தனை பேர் ஏன் எங்கள் அணி மேல் கட்டினார்கள் என்று தலைமையகம் கேட்டது. மனேஜர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த வியாழக்கிழமை மேலதிகாரி ஒருவர் வந்து கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் என்னை இருத்தினார். மரியாதையான மனுசர். ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். வாடிக்கையாளர்களைப் பந்தயம் கட்டும்படி நான் தூண்டினேன், இனிமேல் செய்யமாட்டேன் என்று அதில் இருந்தது. கீழே நான் கையெழுத்துப் போட ஒரு கோடு.

"இதில் போடமாட்டேன்," என்றேன்.

"ஏன்?"

"பொய். இந்த இரண்டு வருசத்தில் நான் எத்தனை பேரிடம் கட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன் என்று வெளியில் நிற்கிறவர்களைக் கேளுங்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், கோபத்தில் பெரிதாகக் கதைத்துவிட்டேன். அதை எழுதுங்கள், போடுகிறேன். வாடிக்கையாளர்களைக் கட்ட வேண்டாம் என்று தடுத்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கும் போடுகிறேன்."

அவர் பேனையை மூடினார். "அதை எழுதினால் உனக்கு இதைவிட மோசம்," என்றார்.

"தெரியும்."

வேலையை விட்டு நிறுத்த அவர்களுக்குத் துணிவு வரவில்லை. நான் காசில் ஒரு சதம் பிழை விட்டதில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்து, லண்டனின் மற்றத் தொங்கலில் கோலியர்ஸ் வுட்டில் இருந்த கடைக்கு மாற்றினார்கள். மூன்று ரயில் மாற வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல். ஒரு மாதத்தில் தானாக விட்டுவிடுவாள் என்று நினைத்திருப்பார்கள்.

நான் போனேன். மழைக்கும் போனேன், ரயில் வேலைநிறுத்தத்தின்போது மூன்று பஸ் பிடித்தும் போனேன். "உமக்கு ஏன் இந்த வீம்பு?" என்று கணவர் கேட்டார். "வீம்பு எண்டே வைச்சுக்கொள்ளும்," என்றேன். அவர் எனக்கு ஒரு நல்ல குளிர் கோட் வாங்கித் தந்தார்.

கோலியர்ஸ் வுட் கடையில் கூடைப்பந்துத் தாளைக் குத்துவதே இல்லை. வந்ததும் கிழித்துப் போடுவார்கள். அங்கே மனேஜர் ஒரு ஐரிஷ் பெண். முதல் கிழமையே அவவிடம் என் எச்சரிக்கைக் கடிதத்தைக் காட்டினேன், பிறகு யாரோ சொல்லி அறிய வேண்டாம் என்று. அவ வாசித்து முடித்துவிட்டு, "சரி, சனிக்கிழமை யார் வெல்வார்கள்?" என்று கேட்டா. இத்தனை வருசத்தில் மனேஜர் ஒருவர் என் அபிப்பிராயத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்னேன். அதுவும் பிழையாகிவிட்டது.

பல முறை பிழைத்திருக்கிறது. வாத்தியார் ஓய்வு பெற்ற பிறகு வந்த ஒரு இளைஞனை அடுத்த வாத்தியார் என்று புகழ்ந்தேன். அவன் பருவத்தின் நடுவில் அணியை விட்டே போய்விட்டான். அமெரிக்க இறுதிப் போட்டி ஒன்றில் கிழட்டு அணிதான் வெல்லும் என்று அடித்துச் சொன்னேன், அது படுதோல்வி. அதற்காக நான் அபிப்பிராயம் வைப்பதை நிறுத்தவில்லை. பிழைத்ததும் என்னுடைய அபிப்பிராயம்தான். யாரிடமும் இரவல் வாங்கியது இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அரசாங்க லொத்தர் வந்தது. மூலைக்கடைகளில் எல்லாம் இயந்திரம் வைத்தார்கள். பந்தயக் கடை வாசலை மிதிக்காத எங்கள் சனங்கள் கோயிலுக்குப் போய்வரும் வழியில் இலக்கம் போட்டார்கள். பிள்ளைகளின் பிறந்த தேதி, வீட்டு இலக்கம், சாத்திரி சொன்ன இலக்கம். அதைச் சூதாட்டம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு நாள் கணவரின் தமையன் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு இனிமையை நான் முன்பு கேட்டதில்லை.

"பிள்ளை, எங்கடை கடைக்கும் லொத்தர் மெசின் வந்திருக்கு. சனி பின்னேரத்திலை சனம் லைன்லை நிக்குது. எனக்கு அது விளங்குதில்லை. நீர் பழகின ஆள். உவ்வளவு தூரம் கோலியர்ஸ் வுட்டுக்கு ஏன் அலையிறீர்? இஞ்சை வந்து மெசினிலை இரும். சம்பளம் தாறன்."

"சூதாட்டம் எல்லோ அத்தான்?"

"சீ, இது கவர்ண்மென்ட். நாலு ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போற காசு."

"குடும்பப் பொம்பிளை இருக்கிற இடமோ?"

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த கணவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பிக் குசினிக்குள் போனார்.

"பழசுகளை விடும் பிள்ளை," என்றார் தமையன். "வாறீரோ, இல்லையோ?"

"ஏலாது அத்தான்," என்றேன். "சனி பின்னேரம் எங்களுக்கு மட்ச்."